இருவராகச் சேர்ந்து செய்யும் கலைக்கு நிதியுதவியும் விருதும்: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன். நீங்களும் உங்கள் நண்பியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர்கள். நாலு வருடமாகச் சேர்ந்தே வேலை செய்கிறீர்கள்: துணி, நூல், பழைய குடும்பப் போட்டோக்கள் கொண்டு இன்ஸ்டலேஷன், அதாவது ஒரு இடத்தையே கலையாக அமைக்கும் வேலை. இப்படி இருவராக இயங்கும் காட்சிக் கலைஞர்களுக்கு என்னென்ன நிதியுதவி, என்னென்ன விருது இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் நீங்கள் எழுதிய இரண்டு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஒரு படிவத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது. உங்கள் பெயரைப் போட்டீர்கள். தெரிவானீர்கள். காசும் சான்றிதழும் உங்கள் பெயருக்கே வந்தன. அதற்குப் பிறகு நண்பி முன்னைப் போலக் கதைப்பதில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: ஒருவருக்கென்று செய்து வைத்திருக்கும் இந்த ஒழுங்கில் இருவராகவே நின்று முன்னுக்கு வர முடியுமா, வருவதென்றால் எதை முதலில் செய்ய வேண்டும்?

நான் கலை வரலாறு படித்தவன். பல வருடங்களாக இங்குள்ள இளம் கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். தெரிவுக் குழுக்களில் இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தும் இருக்கிறேன். சட்டத்தரணியோ கணக்காளரோ அல்ல. அதனால் சட்டமும் வரியும் வரும் இடங்களில் நான் சொல்வதை ஒரு தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்டு, உரியவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். இருவராக இருப்பது பெரிய விருதுகளுக்குத் தடையே இல்லை. பிரித்தானியாவின் பெரிய தற்காலக் கலை விருதான டேர்னர் பரிசை 1986 இல் வாங்கியவர்கள் கில்பேர்ட், ஜோர்ஜ் என்ற இருவர். 1967 இல் லண்டன் சென். மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் சந்தித்தவர்கள். ஆள் இரண்டு, கலைஞர் ஒன்று என்றுதான் இன்றுவரை தங்களைப் பற்றிச் சொல்லி வருகிறார்கள். 1990 இல் வெனிஸ் பினாலே என்ற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஜேர்மன் தம்பதியான பேர்ண்ட், ஹில்லா பெஹர் தங்கச் சிங்கம் என்ற அதன் உயர்ந்த விருதைப் பெற்றார்கள். தண்ணீர்த் தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் போட்டோ எடுத்தவர்களுக்கு அந்த விருது சிற்பத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்பது இன்னும் சுவையான விஷயம். 2003 இல் அதே வெனிஸில் சுவிற்சர்லாந்தின் பீட்டர் பிஷ்லி, டேவிட் வைஸ் இருவருக்கும் தங்கச் சிங்கம். 2017 இல் பிரான்ஸின் மார்சல் துஷாம் பரிசு பெய்ரூட்டில் பிறந்த ஜோஆனா ஹாஜிதோமஸ், கலீல் ஜோரெய்ஜ் தம்பதிக்குப் போனது. 2019 இல் டேர்னர் பரிசுக்குத் தெரிவான நால்வர், தங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், ஒரு குழுவாகவே எடுங்கள் என்று நடுவர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். நடுவர்கள் அதை ஏற்று 40,000 பவுணை நால்வருக்கும் சமமாகக் கொடுத்தார்கள். அந்த நால்வரும் அதற்கு முன் சேர்ந்து வேலை செய்தவர்கள்கூட இல்லை. நடுவர்களிடம் காரணத்தோடு கேட்டால் விதி வளையும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பெயர்களைப் பார்த்து விருதிலிருந்து தொடங்க வேண்டாம். விருது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் வரும் சங்கிலியைப் பாருங்கள். அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தின் இரட்டைச் சகோதரிகள் ஜேன் வில்சனும் லூயிஸ் வில்சனும். 1989 இல் ஒருவர் ஸ்கொட்லாந்தின் டண்டியிலும் மற்றவர் நியூகாசிலிலும் பட்டப்படிப்பை முடித்தார்கள். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே மாதிரியான இறுதிக் கண்காட்சியைச் சமர்ப்பித்தார்கள். அதாவது, எந்த நிதியும் கேட்பதற்கு முன்னரே, "இது எங்கள் இருவருடையது" என்பதைத் தங்களைப் பிரித்து மதிப்பெண் போட வேண்டிய ஒரு ஒழுங்குக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பிறகு லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் முதுகலையைச் சேர்ந்தே படித்தார்கள். 1996 இல் ஜேர்மனியின் கல்விப் பரிமாற்ற நிறுவனமான டி.ஏ.ஏ.டி. கொடுக்கும் புலமைப்பரிசில் கிடைத்து அங்கே போய்த் தங்கினார்கள். அந்தத் தங்கலில்தான் கிழக்கு ஜேர்மனியின் பழைய இரகசியப் பொலிஸ் கட்டடங்களுக்குள் போய்ப் படம்பிடிக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1997 இல் அது ஒரு வீடியோ இன்ஸ்டலேஷனாக வந்தது. 1999 இல் டேர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களை உலகம் அறிந்தது அந்த வேலையால்தான். புலமைப்பரிசில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்தது, அந்த நேரம் ஒரு நல்ல வேலையைக் கொடுத்தது, அந்த வேலையைப் பார்த்த கண்கள்தான் அவர்களை விருதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயின.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம் விளங்கும். பெரிய விருதுகளில் பலவற்றுக்கு நீங்கள் விண்ணப்பிக்கவே முடியாது. ஆசியாவுக்கான சொவரின் கலைப் பரிசு போன்றவற்றுக்கு, கண்காட்சிகளைத் தொகுத்து அமைக்கும் கியூரேட்டர்களும் விமர்சகர்களும் உங்களை முன்மொழிய வேண்டும். ஆகவே உங்கள் சக்தியை விண்ணப்பிக்கக்கூடியவற்றில் போடுங்கள். விண்ணப்பிக்கக்கூடிய பெரிய விருதுகளில் ஒன்று உக்ரேனின் பின்சுக் கலை நிலையம் நடத்தும் ஃபியூச்சர் ஜெனரேஷன் கலைப் பரிசு. 35 வயது வரையுள்ள எந்த நாட்டவரும் இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். முதற்பரிசு 100,000 டொலர். 2024 இல் அதைப் பெற்றவர் டாக்காவைச் சேர்ந்த அஷ்பிகா ரஹ்மான். அவரும் துணியும் தையலும் போட்டோவும் கலந்து, பக்கத்து மனிதர்களின் கதைகளோடு வேலை செய்பவர். உங்கள் வேலைக்கு மிகக் கிட்டவான ஒன்று நம் தெற்காசியாவிலிருந்து போய் வென்றிருக்கிறது என்பதை மனதில் வைத்திருங்கள். இருவராக விண்ணப்பிக்கும்போது வயதெல்லை பொதுவாக இருவருக்கும் பொருந்தும் என்பதையும் கவனியுங்கள்.

அடுத்த படியில், உங்கள் நிலைக்கு இன்னும் பொருத்தமாக, நெதர்லாந்தின் பிரின்ஸ் குளவுஸ் நிதியம் தொடக்கநிலைக் கலைஞர்களுக்குக் கொடுக்கும் 'சீட்' விருது இருக்கிறது. தலா 5,000 யூரோ, ஒரு சுற்றில் நூறு பேருக்கு. பெயர் விருது என்றாலும் இயல்பில் அது நிதியுதவிதான்; ஒரு திட்டத்துக்கென்று கட்டிப்போடாமல் கொடுக்கப்படும் காசு. தொழிலில் முதல் ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு என்பதால் உங்களுக்கு நேரம் அதிகம் இல்லை. நியூயோர்க்கின் பொலொக் கிராஸ்னர் அறநிலையத்தைப் பலர் சொல்வார்கள். ஆனால் அது ஓவியம், சிற்பம், தாளில் செய்யும் வேலை, அச்சுக்கலை ஆகியவற்றுக்கு. போட்டோவும் வீடியோவும் அதில் சேராது. உங்கள் வேலையைத் துணிச் சிற்பம் என்று வாதிக்கலாம். ஆனால் போட்டோ முக்கியமாக இருக்கும் ஒரு வேலையை அப்படிச் சுற்றிவளைத்து அனுப்புவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கொட்லீப் அறநிலையத்தின் நிதியுதவி இருபது வருடமாவது முதிர்ந்த வேலை செய்தவர்களுக்கு. அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இலங்கைக்குள் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. அரச விருதுகள் தனிமனிதரின் நீண்ட சேவைக்குத் தலைவணங்குபவை. கலாபூஷணம் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு. அது மரியாதைக்குரியது, ஆனால் முப்பது வயதில் துணி வாங்கக் காசு தேடும் ஒருவருக்கு அதனால் பயன் இல்லை. பிரதேச, மாவட்ட, மாகாண மட்டக் கலாசார விருதுகளும் பெரும்பாலும் ஒரு பெயர், ஒரு பொன்னாடை, ஒரு சான்றிதழ் என்ற வடிவில்தான் வரும். கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள். இருவரையும் மேடைக்கு அழைக்கும்படி முன்கூட்டியே கலாசார உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். காட்சிக்கலைக்கு உண்மையில் வேலை செய்யக் காசு தந்திருப்பவை தூதரகக் கலாசார நிலையங்கள், கொழும்பில் நடக்கும் கொழும்புஸ்கோப் போன்ற விழாக்கள் கொடுக்கும் படைப்பு ஒப்பந்தங்கள், பிறகு தெற்காசியக் கலைஞர் வலையமைப்பின் பட்டறைகளும் ரெசிடென்சிகளும் (ஓரிடத்தில் கொஞ்சக் காலம் தங்கி வேலை செய்யும் வாய்ப்புகள்). டெல்லியில் கோஜ், டாக்காவில் பிரிட்டோ, கராச்சியில் வாசல், கொழும்பில் தீர்த்த: இவை எல்லாமே கலைஞர்களே தொடங்கியவை. அதனால் இருவராக வருகிறோம் என்று சொன்னால் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவை இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே முதல் அடி எடுத்து வைக்க இவைதான் நல்ல வாசல் என்பது என் கணிப்பு.

சேர்ந்து வேலை செய்வதற்கென்றே கொடுக்கப்பட்ட நிதிக்கு ஒரு நல்ல உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. புஷ்பமாலா என்ற கலைஞரும் கிளேயர் ஆர்னி என்ற போட்டோக்கலைஞரும் 2000 முதல் 2004 வரை சேர்ந்து செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய பெரிய போட்டோத் தொடருக்கு இந்தியா ஃபவுண்டேஷன் ஃபோர் த ஆர்ட்ஸ் என்ற நிறுவனம் நிதி கொடுத்தது. அது இந்தியர்களுக்கானது, நமக்குக் கிடைக்காது. நான் சொல்வது வேறு. அந்த இருவரும் நிரந்தர ஜோடி இல்லை. ஒரு வேலைக்காகச் சேர்ந்தார்கள். யார் என்ன செய்தார் என்பது வெளியே தெரிந்தது. வேலை முடிந்ததும் தத்தம் பாதையில் போனார்கள். நீங்கள் இருவரும் எந்த வகை என்பதை நிதி கொடுப்பவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவார். வாழ்நாள் ஜோடியா, ஒரு திட்டத்துக்கான ஜோடியா? இரண்டும் நல்லதே. இரண்டுக்கும் நடுவில் தெளிவில்லாமல் நிற்பதுதான் விண்ணப்பத்தைக் கவிழ்க்கும்.

தெரிவுக் குழுவில் இருந்தபோது இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இருவர் அனுப்பிய ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்தால், கலைஞர் கூற்றின் (தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே எழுதும் குறிப்பு) முதல் பந்தியில் "நாங்கள்" இருக்கும். மூன்றாவது பந்தியில் "எனது பாட்டியின் சேலை" என்று வரும். யாருடைய பாட்டி? அடுத்த பக்கத்தில் இரண்டு தன்விவரக் குறிப்புகள். ஒன்றில் ஐந்து கண்காட்சிகள், மற்றதில் மூன்று. அந்த மூன்றும் ஐந்துக்குள் அடங்குகின்றனவா, வேறா என்று தெரியாது. படங்களின் கோப்புப் பெயரில் ஒருவரின் பெயர் மட்டும். வரவு செலவில் "கலைஞர் ஊதியம்" என்று ஒரே ஒரு வரி. வாசிப்பவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்று இன்னும் நிறைய விண்ணப்பம் இருக்கிறது. இவர்களுக்குள் ஏதோ பிரச்சினை வரும் என்று ஒரு சந்தேகம் தட்டினாலே போதும், ஓரமாக வைத்துவிடுவார். இதை எல்லாம் திருத்த ஒரு சதமும் தேவை இல்லை. இருவருக்கும் பொதுவான ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு தன்விவரக் குறிப்பு, அதன் கீழ் ஒவ்வொருவருக்கும் நாலு வரி. பாட்டி யாருடையவர் என்றால், அவர் பெயரைச் சொல்லி இன்னார் பாட்டி என்று எழுதுங்கள். கோப்புப் பெயர்களில் பொதுப் பெயர். ஊதியத்தில் இரண்டு வரி. யார் துணியைக் கையாள்கிறார், யார் போட்டோவைக் கையாள்கிறார், முடிவுகளை எப்படி எடுக்கிறீர்கள் என்பதை ஒரு பந்தியில் சொல்லுங்கள். முடிவுகளைச் சேர்ந்தே எடுக்கிறோம் என்று மட்டும் எழுதினால் அது எல்லோரும் எழுதுவது. ஒரு குறிப்பிட்ட வேலையை எடுத்து, அதில் எங்கே கருத்து வேறுபட்டது, எப்படித் தீர்ந்தது என்று இரண்டு வசனத்தில் சொன்னால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு பெயருக்கு மட்டும் இடமுள்ள படிவம் வந்தால் என்ன செய்வது? முதலில் அறிவித்தலில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதிக் கேளுங்கள். "நாங்கள் இருவராக இயங்குகிறோம், கூட்டு விண்ணப்பம் ஏற்பீர்களா, ஏற்றால் காசு எவ்வாறு செலுத்துவீர்கள்" என்ற இந்த ஒரு வசனம் போதும். ஏற்பதாகச் சொன்னால் அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள். ஏற்கமாட்டோம் என்றால், அந்த நிதி தனிமனிதருக்கானதுதான் என்று புரிந்துகொண்டு, போடுவதா விடுவதா என்று இருவரும் பேசுங்கள். போடுவது என்றால் தனி வேலையைத்தான் போட வேண்டும். இருவர் செய்த வேலையை ஒருவர் பெயரில் அனுப்பக்கூடாது. மற்றவர் சம்மதித்தாலும் கூடாது. சம்மதம் அன்றைக்கு மனதார வரும். சான்றிதழ் சுவரில் ஏறிய பிறகுதான் உறுத்தும்.

பெயர் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மரீனா அப்ரமோவிச், ஊலாய் இருவரின் கதையைத் தெரிந்து வைத்திருங்கள். 1976 முதல் 1988 வரை ஒன்றாக வாழ்ந்து ஒன்றாக நிகழ்த்துகலை செய்தவர்கள். சீனப் பெருஞ்சுவரில் இரு முனையிலிருந்தும் நடந்து வந்து நடுவில் சந்தித்துப் பிரிந்தார்கள். பழைய கூட்டு வேலைகளை விற்பது, காட்டுவது பற்றி 1999 இல் ஒரு ஒப்பந்தம் கைச்சாத்திட்டார்கள். அதை அப்ரமோவிச் மீறினார் என்று ஊலாய் வழக்குப் போட்டார். 2016 இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஊலாய்க்கு அப்ரமோவிச் 250,000 யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்த்தது. அதோடு, 1976 முதல் 1980 வரையான வேலைகளில் ஊலாய் பெயர் முதலில், 1981 முதல் 1988 வரையானவற்றில் அப்ரமோவிச் பெயர் முதலில் என்று பெயர் வரிசையையே நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. ஊலாய்க்கு நியாயம் கிடைத்ததற்கு ஒரே காரணம் அந்த 1999 ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. எழுத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அது வெறும் மனத்தாங்கலாகவே போயிருக்கும்.

கிறிஸ்டோ, ஜான் குளோட் தம்பதியின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். கட்டடங்களையும் பாலங்களையும் துணியால் போர்த்தியவர்கள். வருடக்கணக்காக எல்லாம் கிறிஸ்டோ என்ற ஒரு பெயரிலேயே போய்க்கொண்டிருந்தது. 1994 இல்தான், வெளியிடங்களில் செய்த பெரிய வேலைகள் எல்லாம் முந்தியவையும் சேர்த்து இருவருடையவையும் என்று அறிவித்தார்கள். இவர்கள் நிதியுதவியோ அனுசரணையோ வாங்கவில்லை. கிறிஸ்டோ வரைந்த ஆயத்த ஓவியங்களை விற்றுத்தான் எல்லாச் செலவையும் பார்த்தார்கள். நிதி கேட்காமலே இருவராக நிலைக்கலாம் என்பதற்கு அவர்கள் உதாரணம். ஆனால் அதற்கு ஓவியம் விற்கும் சந்தை வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தச் சந்தை இல்லை, கொழும்பில்கூடச் சிறியதுதான். வருடாந்தம் கொழும்பில் நடக்கும் கலா பொல திறந்தவெளிச் சந்தையில் சிறிய வேலைகளை வைத்து விற்றுப் பார்க்கலாம். மூலப்பொருட்களின் செலவாவது திரும்பி வரும்.

ஆகவே எழுத்து. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இரண்டு பக்கம் போதும். பொதுப் பெயர் என்ன, அதை யார் எப்போது பயன்படுத்தலாம். காசு எப்படிப் பிரியும். பழைய வேலைகள் எங்கே இருக்கும். ஒருவர் விலகினால் முடியாத வேலை யாருக்கு. விற்ற வேலையில் பங்கு எவ்வளவு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு யாருக்கு. சங்கடமான கேள்விகள்தான், ஆனால் நட்பு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நமது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருவர் சேர்ந்து ஆக்கிய படைப்பை அங்கீகரிக்கிறது. அதன் பொருளாதார உரிமை, இருவரில் கடைசியாக உயிரோடிருப்பவர் இறந்த பிறகும் 70 வருடம் நீடிக்கும். அதாவது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இது ஒரு கேள்வியாக இருக்கலாம். பொதுப் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் பங்குடைமையாக வியாபாரப் பெயர் பதியலாம். நிதி கொடுக்கும் பல நிறுவனங்களுக்கு அந்தப் பதிவுத் துண்டே போதும். 1840 இலிருந்து இருக்கும் மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட மூலதனமுள்ள பங்குடைமைக்கு எழுத்திலான உடன்படிக்கை வேண்டும். இன்றைக்கு 1,000 ரூபாவுக்கு ஒரு நல்ல துணிகூட வராது, ஆனால் விதி விதிதான். அந்த உடன்படிக்கையையும் வரி விஷயத்தையும் ஒரு சட்டத்தரணி, ஒரு கணக்காளர் பார்க்கட்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே ஜோடிகள் பிரிவதற்குப் பெரிய காரணம் சண்டை இல்லை, கலியாணமும் வெளிநாடும்தான். ஒருவருக்கு ரொறன்ரோவிலோ பாரிஸிலோ வாழ்க்கை அமைந்துவிடும். அப்போது மற்றவர் கையில் அரைவாசி முடிந்த வேலையும், ஒரு பொதுப் பெயரும், அறிக்கை கேட்டு வரும் நிதி நிறுவனத்தின் கடிதமும் மிஞ்சும். புரூம்பேர்க், சனாரின் என்ற இருவர் லண்டனில் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தவர்கள். 2013 இல் 30,000 பவுணுடைய டொய்ச்ச பேர்ஸ் போட்டோப் பரிசைப் பெற்றவர்கள். 2021 இல் தங்கள் கூட்டு இறந்துவிட்டது என்று அறிவித்து, ஒரு இறந்தவரின் சொத்தை ஒழுங்குபடுத்துவது போல பார்சிலோனாவில் கண்காட்சி வைத்து முடித்தார்கள். பிரிவையும் சேர்ந்தே செய்தார்கள். உங்கள் ஒப்பந்தத்திலும் அதற்கு ஒரு வரி இருக்கட்டும். ஒருவர் வெளிநாடு போனாலும் கூட்டு தொடரலாம் என்பது வேறு விஷயம். போனவர் அங்குள்ள நிதிகளுக்கும் விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார் என்பதால் சிலருக்கு அது நன்மையாகவும் முடிந்திருக்கிறது.

ரெசிடென்சிக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல இடங்கள் ஜோடியை ஏற்கும், ஆனால் ஒரு அறை, ஒரு மாதப்படி, ஒரு விமானச் சீட்டுத்தான் தரும். இருவருக்கும் விசா, இருவருக்கும் காப்புறுதி, விரல் அடையாளம் கொடுக்க இருவரும் கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வருவது என்று எல்லாமே இரட்டிப்பு. ஏற்கும் முன் இதைக் கேளுங்கள். மிச்சச் செலவுக்குப் புலம்பெயர்ந்த உறவுகளிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கலாம். கலைக்கு என்று பொதுவாகக் கேட்டால் தயங்குவார்கள். ஒரு விமானச் சீட்டு, ஒரு கண்காட்சிக் கையேட்டின் அச்சுச் செலவு என்று குறிப்பிட்டுக் கேட்டால் தருவார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தந்தவர்கள் அவர்கள். கைக்கு அகப்படும் ஒன்றைக் காட்டிக் கேட்க வேண்டும்.

சரி, இனி சந்தேகமானவை. நடுவர்கள் ஜோடிகளை விரும்புகிறார்களா? இப்போதெல்லாம் கூட்டு வேலைக்கு மதிப்பு ஏறியிருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். 2021 இல் டேர்னர் இறுதிப் பட்டியலே முழுக்கக் குழுக்களாக இருந்தது. ஆனால் அதை நம்பி ஜோடி சேர்வது வீண். விருது வாழ்க்கையை மாற்றுமா? சிலருக்கு மாற்றியிருக்கிறது, சிலருக்கு ஒரு வருடச் சந்தோஷத்தோடு முடிந்திருக்கிறது. வேலை ஏற்கெனவே சூடாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அது கூடுதலாக உதவியது என்பது என் அபிப்பிராயம். மூன்றாவது சந்தேகம் இன்னும் பாரமானது. யாழ்ப்பாணம் என்றால் போரையும் இழப்பையும் பற்றிய வேலையைத்தான் நிதி கொடுப்பவர்கள் எதிர்பார்க்கிறார்களா? எதிர்பார்ப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காக எழுதப்பட்ட விண்ணப்பங்கள் நடுவர்களுக்கு அலுத்தும் போய்விட்டன. ஹாஜிதோமஸும் ஜோரெய்ஜும் பெய்ரூட் போரை எப்படித் தொட்டார்கள் என்று பாருங்கள். போருக்கு முந்திய அழகான சுற்றுலாத் தபாலட்டைகளை எடுத்து, ஒரு கற்பனைப் போட்டோக்காரர் அவற்றின் நெகட்டிவ்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்தார் என்று ஒரு கதையை உண்டாக்கி, எரிந்த படங்களையே வேலையாக வைத்தார்கள். அழுகையைக் காட்டவில்லை. உங்கள் குடும்பப் போட்டோக்களில் கலியாணமும் சாமத்தியவீடும் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதையே எழுதுங்கள். அந்தப் போட்டோக்களில் யார் நின்றார்கள், யார் இன்று இல்லை என்பது பார்ப்பவருக்குத் தானாகவே தெரிய வரும்.

உங்கள் வேலைகளை ஆவணப்படுத்தி வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வைக்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். 2013 இல் தற்காலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக்கான இலங்கை ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டதே யாழ்ப்பாணத்தில்தான். ஆவணம் எவ்வளவு முக்கியம் என்று இந்த ஊர் அறியும், நூலகம் எரிந்த ஊர் இது. ஒவ்வொரு வேலைக்கும் பத்து நல்ல போட்டோ, அளவு, பொருள், வருடம், இருவர் பெயரும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாள் இரவு இதைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது.

கடைசியாக, ஏற்கெனவே உங்கள் பெயருக்கு வந்த அந்த நிதி. அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். கொடுத்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்த வேலை இருவருடையது, படிவத்தில் இடமில்லாததால் என் பெயர் மட்டும் போடப்பட்டது, உங்கள் இணையப் பக்கத்திலும் பட்டியலிலும் இருவர் பெயரையும் சேர்க்க வேண்டுகிறோம், முடிந்தால் திருத்திய சான்றிதழும் தாருங்கள். இதைக் குற்றமாக யாரும் எடுக்கமாட்டார்கள். பெரும்பாலும் திருத்தித் தருவார்கள். தராவிட்டாலும் உங்கள் தன்விவரக் குறிப்பில் அந்த நிதியைப் பொதுப் பெயரின் கீழ் எழுதி, வேலை இருவருடையது, நிதி ஒருவர் பெயரில் பெறப்பட்டது என்று ஒரு குறிப்புப் போடலாம். அந்தக் காசில் எவ்வளவு செலவானது, மிச்சம் எவ்வளவு என்று பற்றுச்சீட்டுகளோடு ஒரு தாளில் எழுதி நண்பியிடம் கொடுங்கள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் அவருக்குக் காட்டுங்கள்; அவர் ஒரு வரி மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்; இருவரும் கையெழுத்து வையுங்கள்.